ஐஸ் ஹாக்கி பிளேயரோட ஸ்டாட்ஸ் டேபிள எப்படி படிக்கிறது

என்ஹெச்எல், அதாவது அமெரிக்கா கனடாவோட பெரிய ஐஸ் ஹாக்கி லீக், பாக்க ஆரம்பிச்சிருக்கீங்க, ஒரு பிளேயர் பேர தேடுறீங்க, உடனே ஒரு நீள டேபிள் வந்து நிக்கும். ஜிபி (ஆடின மேட்ச்), ஜி (கோல்), ஏ (அசிஸ்ட், கோலுக்கு பாஸ் குடுத்தது), பி (பாயின்ட்), பிளஸ் மைனஸ், பிஐஎம் (தண்டனையா வெளிய உக்காந்த நிமிஷம்)னு மேல தலைப்பு, கீழ வரிசையா நம்பர். முக்காவாசி பேர் கோல் எத்தனைன்னு பாத்துட்டு மூடிடுவாங்க. நீங்க அப்படி பண்ணாதீங்க, முதல்ல டீம் பேரும் லீக் பேரும் இருக்கற கட்டத்த மட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் படிங்க, அந்த ஆளு எங்கெங்க அலைஞ்சாரு, யாரு அவர வேணாம்னாங்க, எல்லாம் அங்கதான் இருக்கு.

ஒரு பேர் எடுத்துக்குவோம், மார்ட்டின் செயின்ட் லூயி. கியூபெக்ல லவால்ல 1975ல பொறந்தவர், உயரம் 5 அடி 8 அங்குலம், அதாவது இந்த கேமுக்கு ரொம்ப குள்ளம். பக்கத்துக்கு மேல டிராஃப்ட்னு ஒரு வரி இருக்கும், அதாவது டீமுங்க வருஷா வருஷம் முறை வெச்சு இளம் பிளேயர்கள எடுக்குறது, எந்த வருஷம் எத்தனாவது ஆளா எடுத்தாங்கன்னு. இவருக்கு அங்க ஒண்ணும் இருக்காது, 32 டீமும் இப்ப 7 ரவுண்டுல பசங்கள எடுக்குறாங்களே, அதுமாதிரி எந்த டிராஃப்ட்லயும் இவர யாரும் எடுக்கல. அந்த வரி காலியா இருந்தா ஆள் வேற வழில வந்திருக்காருன்னு அர்த்தம். காலேஜ், இல்ல யூரோப் மாதிரி.

அடுத்து முதல் சில வரிய பாருங்க. ஓஹெச்எல், டபிள்யூஹெச்எல் இல்ல கியூஎம்ஜேஹெச்எல்னு இருந்தா கனடா ஜூனியர் லீக், 16ல இருந்து 20 வயசு பசங்க ஆடுறது. என்சிஏஏன்னா அமெரிக்க காலேஜ். இவர் வெர்மான்ட் யூனிவர்சிட்டில நாலு வருஷம் ஆடினாரு.

அதுக்கப்புறம் ஏஹெச்எல்னு வந்தா கொஞ்சம் நின்னு படிங்க. அது என்ஹெச்எல்லுக்கு அடுத்த படி, ஒவ்வொரு ஏஹெச்எல் டீமும் ஒரு என்ஹெச்எல் டீமோட சேந்தது, அதனால இன்னைக்கு மேல கூப்பிடுவாங்க, நாளைக்கு கீழ அனுப்பிடுவாங்க, டூ-வே கான்ட்ராக்ட்னா கீழ ஆடுற நாளுக்கு சம்பளமும் கம்மி. இந்த ஏறி இறங்குறது டேபிள்ல எப்படி தெரியும்னா, ஒரே சீசனுக்கு ரெண்டு வரி இருக்கும். இவரோட 1999-2000 வரிய பாருங்க: ஏஹெச்எல்ல செயின்ட் ஜான் டீமுக்கு 17 மேட்ச்ல 15 கோல், அதே சீசன்ல மேல கால்கரிக்கு 56 மேட்ச்ல 3 கோல்! ஆள் ஒண்ணுதான். அப்ப இவருக்கு மேல ஆட தெம்பு இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க, ஐஸ்ல இருந்த நேரம்னு இன்னொரு கட்டம் இருக்கும், அதையும் சேத்து பாருங்க. மூணாவது நாலாவது லைன்ல, அதாவது கம்மி நேரம் இறங்குற செட்ல போட்டு, எதிர் டீம் ஆள் தண்டனைல வெளிய இருக்கற பவர் பிளேல இறக்காம வெச்சா யாராலயும் கோல் அடிக்க முடியாது. கால்கரிக்கு அது புரியல போல, 2000ல விட்டுட்டாங்க, தம்பா பேங்கற இன்னொரு என்ஹெச்எல் டீம் எடுத்துக்கிச்சு.

நாலு வருஷம் கீழ வாங்க. 2003-04, தம்பா பே, 82 மேட்ச், 38 கோல், 56 அசிஸ்ட், மொத்தம் 94 பாயின்ட், லீக்லயே முதல் இடம். பாயின்ட்னா கோலும் அசிஸ்ட்டும் கூட்டினது, ஒரு கோலுக்கு அசிஸ்ட் ரெண்டு பேருக்கு வரைக்கும் குடுப்பாங்க. பிளஸ் மைனஸ் +35, அதாவது நீங்க ஐஸ்ல இருக்கும்போது உங்க டீம் கோல் போட்டா ஒண்ணு கூடும், வாங்கினா ஒண்ணு குறையும், பவர் பிளே கோலுக்கு மட்டும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. நல்ல டீம்ல இருந்தா சும்மா நின்னாலும் ஏறும், அதனால நான் இத பெருசா நம்ப மாட்டேன். பிளேஆஃப், அதாவது சீசன் முடிஞ்சு நடக்குற நாக்அவுட் சுற்றோட கணக்கு தனியா இருக்கும், அதையும் விடாதீங்க, ஏன்னா அந்த வருஷம் என்ஹெச்எல் சாம்பியனுக்கு குடுக்குற ஸ்டான்லி கப் ஃபைனல்ல எதிர்ல நின்னது இவர விட்ட அதே கால்கரி, ஆறாவது மேட்ச் கால்கரிலயே நடக்குது, தோத்தா கப் போச்சு, ரெண்டாவது ஓவர்டைம் ஆரம்பிச்சு 33 செகண்ட்ல கோல் போட்டது இவருதான், ஏழாவது மேட்ச்சும் ஜெயிச்சு தம்பா கப்ப தூக்கிட்டாங்க.

ஜிபி அதாவது ஆடின மேட்ச் எண்ணிக்கை கம்மியா இருந்தா ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு அடி, இவரோட 2001-02ல 53 மேட்ச்தான், கால் உடஞ்சு போச்சு. இன்னொண்ணு சீசனே சின்னது. 2004-05ல லாக்அவுட், அதாவது சம்பள தகராறுல ஓனருங்க லீக்கையே நிறுத்தினது, ஒரு மேட்ச் கூட நடக்கல, அந்த வருஷத்துக்கு நேரா சுவிட்சர்லாந்து லோசான் டீம் பேர் இருக்கும். 2012-13லயும் லாக்அவுட்ல கிட்டத்தட்ட பாதி சீசன் போச்சு, 48 மேட்ச்தான், அதுல 60 பாயின்ட் எடுத்து 37 வயசுல மறுபடி லீக்ல முதல் இடம். 60ங்கற நம்பர மட்டும் பாத்தா சாதாரண வருஷம் மாதிரி தெரியும், ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவுன்னு வகுத்து பாருங்க.

2013-14லயும் ரெண்டு வரி இருக்கு, ஆனா ரெண்டும் என்ஹெச்எல். தம்பாக்கு 62 மேட்ச்ல 61 பாயின்ட், நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு 19 மேட்ச்ல 8. இது நடுவுல நடந்த ட்ரேட், மார்ச் மாசம் ரயன் காலஹன குடுத்து இவர வாங்கினாங்க. போன உடனே நம்பர் விழுந்துச்சேன்னு திட்டாதீங்க, பக்கத்துல பிளேஆஃப்ல 15 பாயின்ட் இருக்கு, ரேஞ்சர்ஸ் ஃபைனல் வரைக்கும் போச்சு.

இன்னொரு விஷயம், சில சைட்ல என்ஹெச்எல் கணக்கு மட்டும்தான் காட்டுவாங்க. அங்க செக் நாட்டு பிளேயர் யாரோமிர் யாகர தேடினா 2008ல ஆள் காணாம போய் 2011ல பிலடெல்ஃபியால முளைச்ச மாதிரி இருக்கும். எல்லா லீக்கும் காட்டுற பக்கத்த திறங்க, நடுவுல மூணு சீசன் ரஷ்யால ஓம்ஸ்க் டீமுக்கு கேஹெச்எல்ங்கற ரஷ்ய லீக்ல ஆடினது வரும், 2018க்கு அப்புறமும் டேபிள் நிக்காது, அவரோட சொந்த ஊர் கிளாட்னோ டீம் பேரே வருஷா வருஷம் வந்துட்டிருக்கும், அந்த டீமுக்கு ஓனராவும் இருந்தவரு அவரு.