பதுங்கணுமா பாயணுமா: ஃபார் க்ரை 3 அவுட்போஸ்ட்ட வச்சு ஒரு பாடம்

போன வாரம் ஃபார் க்ரை 3-அ திரும்ப எறக்கி ஆட ஆரம்பிச்சேன். 2012-ல வந்த கேம்தான், ஆனா என் லேப்டாப்புக்கு அதுக்கு மேல தாங்காது. ஒரு அவுட்போஸ்ட்டுக்கு, அதாவது எதிரிங்க காவல் இருக்குற சின்ன முகாமுக்கு வெளிய புல்லுக்குள்ள குந்திக்கிட்டே இருபது நிமிஷம், ஒவ்வொருத்தனா சத்தமில்லாம முடிச்சுட்டு வரேன், கடைசியா ஒரே ஒருத்தன் பாக்கி, எங்கேருந்தோ ஒரு நாய் மோப்பம் பிடிச்சு வந்து கொரைச்சுச்சு, அவன் திரும்பிட்டான், நான் உடனே எஸ்கேப் அமுக்கி பழைய சேவ்வ லோட் பண்ணிட்டேன். பக்கத்துல சித்தி பையன் உக்காந்து பாத்துட்டு இருந்தான். "அண்ணே இது நாலாவது தடவ, நீ கேம் ஆடுறியா இல்ல பரீட்சை எழுதுறியா"ன்னான். சரிடா நீயே ஆடுன்னு மவுஸ குடுத்தேன். பய நேரா கேட்டு வழியாவே சுட்டுக்கிட்டே உள்ள போனான், அலாரம் அடிச்சுச்சு, வண்டி போட்டு ஆளுங்க வந்து எறங்கினாங்க, ரெண்டு நிமிஷத்துல ஆள் காலி.

நான் ஸ்டெல்த், அதாவது பதுங்கி ஆடுறவன், அவன் ரஷ், பாஞ்சு ஆடுறவன். ஆனா ரெண்டு பேரும் பண்ணுன தப்பு ஒண்ணேதான், அலாரம் எங்க இருக்குன்னு ரெண்டு பேருமே பாக்கல. இத எழுதுறதே அதுக்குத்தான். ஸ்டெல்த்தா ரஷ்ஷான்னு சண்டை போடுறவங்க நெறைய பேரு, என்னக் கேட்டா ரெண்டும் ஒரே ஆட்டத்தோட முன்பாதி பின்பாதி.

மொதல்ல உக்காந்து பாருங்க. கிட்ட போகாதீங்க, எதாச்சும் மேடா பாத்து நின்னு கேமராவ எடுங்க. கேமராவுல ஒருத்தன காட்டுனா அவன் டேக் ஆயிடுவான், அப்புறம் செவுத்துக்குப் பின்னாடி போனாலும் அவன் எங்க நிக்கிறான்னு தெரியும். இதுல பல பேரு அவசரப்படுவாங்க, அஞ்சு பேரு தெரிஞ்சதும் போதும்னு அம்ப விடுவாங்க. ஒரு ரெண்டு நிமிஷம் கூட நில்லுங்க, கூரைக்கு அடியில தூங்கி வழியிறவன், பின்பக்கம் ரோந்து போறவன், நாய், இதெல்லாம் அப்புறமாத்தான் கண்ணுல படும். நாய கண்டிப்பா டேக் பண்ணுங்க, என் கதி தெரியும்ல.

அடுத்து அலாரம். இது ரொம்ப முக்கியம், இத மட்டும் படிச்சுட்டு போனாக்கூட போதும். அலாரம் பெட்டிய தூரத்துலேர்ந்து சுட்டா அந்த ஒரு பெட்டி மட்டும்தான் போகும். ஆனா கிட்ட போயி கையால ஆஃப் பண்ணீங்கன்னா அந்த அவுட்போஸ்ட்ல இருக்குற எல்லா அலாரமும் செத்துடும். அதனால சைலென்சர் மாட்டுன ஸ்நைப்பர் துப்பாக்கி இருக்கேன்னு வெளியில நின்னு ஒவ்வொண்ணா சுடுறதவிட, உங்களுக்கு பக்கத்துல இருக்குற ஒரே ஒரு பெட்டிய குறி வச்சு, அதுக்குப் போற வழியில நிக்கிற ரெண்டு பேர மட்டும் முடிச்சு, போயி கை வைங்க. அவ்ளோதான், இனிமே நீங்க மாட்டுனாலும் உள்ள இருக்குறவங்களோட மட்டும்தான் சண்டை, வெளியிலேர்ந்து யாரும் வர மாட்டாங்க. எட்டு பேரோட சண்டை போடுறதும் பதினாறு பேரோட சண்டை போடுறதும் ஒண்ணா?

அந்த ரெண்டு பேர எப்படி முடிக்கிறதுன்னா, தனியா நிக்கிறவன மொதல்ல. மேல டவர்ல ஸ்நைப்பர் நின்னா அவன அதுக்கும் முன்னாடி, ஏன்னா நீங்க நகருற எடமெல்லாம் மேலேர்ந்து அவனுக்குத் தெரியும். வில்லு இந்த கேம்ல ஒரு வரம், சத்தமே கிடையாது, தலையில பட்டா சாதா ஆளு அப்பவே சாஞ்சுடுவான். ஆனா பொணத்த மறந்துடாதீங்க, இன்னொருத்தன் கண்ணுல பட்டுச்சுன்னா உஷாராகி தேட ஆரம்பிச்சுடுவான். டேக்டவுன், அதாவது கிட்ட போயி ஒரே அடியில ஆளச் சாய்க்கிறது, அத பண்ணுன கையோட பொணத்த இழுத்துட்டுப் போற ஸ்கில் ஒண்ணு இருக்கு, அத சீக்கிரமா எடுத்துருங்க. ஆளு நகராம ஒரே எடத்துல நின்னான்னா கல்ல எடுத்து வீசுங்க, சத்தம் கேட்ட எடத்துக்கு அவனே நடந்து வருவான். கல்ல அவன் பக்கத்துல போடாதீங்க, நீங்க ஒளிஞ்சிருக்குற எடத்துக்கும் அவனுக்கும் நடுவுல போடுங்க, அப்பத்தான் உங்க கைக்கு எட்டுற தூரத்துல வந்து முதுகக் காட்டி நிப்பான்.

சில அவுட்போஸ்ட்ல கூண்டுக்குள்ள புலியோ கரடியோ அடச்சு வச்சிருப்பாங்க. கூண்டுக் கதவ தூரத்துலேர்ந்து ஒரே ஒரு சூடு, மிச்சத்த அது பாத்துக்கும். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி சுட்டுக்கிட்டு இருக்குறப்ப நீங்க அலாரத்துக்கு நடந்தே போகலாம். ஆனா அதுக்கு நம்ம ஆளு எதிரி ஆளுன்னு வித்தியாசம் கிடையாது, அத மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

இப்ப ரஷ்ஷுக்கு வருவோம். ரஷ் பண்றவங்கள ஸ்டெல்த் ஆளுங்க கொஞ்சம் எளக்காரமா பாப்பாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். உண்மையச் சொன்னா நல்லா ரஷ் பண்றதுக்கு ஸ்டெல்த்தவிட தயாரிப்பு ஜாஸ்தி வேணும். முதல்ல ஆயுதம், ஆரம்பத்துல ஒரே ஒரு துப்பாக்கிதான் தூக்க முடியும், வேட்டையாடி தோல் சேத்து ஹோல்ஸ்டர்னு துப்பாக்கி உறை பண்ணுனாத்தான் நாலு வரைக்கும் போகும். அதனால பச்சை இலை பறிக்கிறது பன்னி அடிக்கிறது எல்லாம் வெட்டி வேலைன்னு தாண்டிப் போகாதீங்க. பச்சை இலையிலதான் உயிர் ஏத்துற ஊசி பண்ணுவோம், அது தீந்துடுச்சுன்னா நம்ம ஆளு கையில குத்துன தோட்டாவ நிதானமா நோண்டி எடுத்துக்கிட்டு இருப்பான், சுத்தி நாலு பேரு சுட்டுக்கிட்டு இருப்பாங்க, பாக்குற நமக்கு பத்திக்கிட்டு வரும். நாலு அஞ்சு ஊசி இல்லாம ரஷ் பண்ணப் போகாதீங்க.

அப்புறம் கேட்டு வழியா போகாதீங்க, என் தம்பி மாதிரி. ரோட்டுல மொதல்ல ரெண்டு மூணு கண்ணிவெடி வச்சுட்டு வாங்க, அலாரம் அடிச்சா உதவிக்கு வர்ற வண்டி அந்த வழியாத்தான வரணும். இன்னொண்ணு, ஒரு வண்டியில சி4 வெடிகுண்ட ஒட்டி, அவுட்போஸ்ட்ட பாத்து ஓட்டி, கடைசி நேரத்துல குதிச்சுட்டு பட்டன அமுக்குறது. இதுல திறமையும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஆனா ஒரு தடவையாச்சும் பண்ணிப் பாருங்க. உள்ள போனதும் ஒரே எடத்துல நிக்காம மறைவுக்கு மறைவு மாறிக்கிட்டே இருங்க, முக்கியமா புல்லுக்குள்ள நிக்காதீங்க, பெட்ரோல் பாட்டில் வீசுறவன் ஒருத்தன் இருந்தா புல்லு பத்தி தீ நம்மளச் சுத்திப் பரவும். கவசம் போட்ட குண்டன் ஒருத்தன் பெரிய துப்பாக்கியோட மெதுவா நடந்து வருவான் பாருங்க, அவனுக்கு தோட்டாவ வீணாக்காதீங்க, அவனுக்குன்னு தனியா ஒரு டேக்டவுன் ஸ்கில் இருக்கு, அது வர்ற வரைக்கும் கிரனேடு, சி4.

நம்ம ஆளு கத்துக்குற ஸ்கில்லையெல்லாம் மூணு மரமா பிரிச்சு வச்சிருப்பாங்க, கொக்கு, சுறா, சிலந்தி. தூரத்து டேக்டவுனும் ஓட்டமும் கொக்குல, நேரடிச் சண்டையும் உயிரும் சுறாவுல, பதுங்குற வேலையெல்லாம் சிலந்தியில. ஒண்ணுலயே எல்லாத்தையும் போடாதீங்க.

இனிமேதான் விஷயமே இருக்கு, மாட்டிக்கிட்டா என்ன பண்றது. ஸ்டெல்த் ஆடுற முக்கால்வாசிப் பேரு மாட்டுன செகண்டே லோட் பண்ணிடுறோம், அதனாலயே மாட்டுனப்புறம் எப்படி ஆடணும்னு நமக்குத் தெரியவே தெரியாது. ஒருத்தன் உங்களப் பாக்க ஆரம்பிச்சா ஸ்க்ரீன்ல அவன் இருக்குற திசையக் காட்டி ஒரு அம்புக்குறி நெறையும், முழுசா நெறையிறதுக்குள்ள மறைவுக்குப் போயிட்டா தப்பிச்சீங்க. நெறஞ்சுடுச்சா, உங்களச் சுடுறவன விடுங்க, அலாரத்தப் பாத்து எவன் ஓடுறான்னு பாருங்க. அவன்தான் மொதல் தலை. உங்களச் சுடுறவன் ரெண்டு குண்டுதான் போடுவான், ஓடுறவன் ஊரையே கூட்டிட்டு வருவான். அவன சாச்சுட்டு பின்னாடி போயி வேற பக்கமா சுத்தி வாங்க, கடைசியா உங்கள எங்க பாத்தாங்களோ அங்கயேதான் வந்து தேடுவாங்க, நீங்க அவங்க முதுகுக்குப் பின்னாடி இருப்பீங்க. இத பழகிட்டீங்கன்னா லோட் பட்டன் தேவையே படாது.

யாரு கண்ணுலயும் படாம முடிச்சா எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, ஜாஸ்திதான், இல்லைங்கல. ஆனா மொத்தம் 34 அவுட்போஸ்ட் இருக்கு, எல்லாத்தையும் அப்படியே முடிக்கணும்னு உக்காந்தா பத்தாவதுலயே சலிச்சுடும். தீந்து போச்சேன்னு கவலையும் வேணாம், அப்புறமா வந்த அப்டேட்ல அவுட்போஸ்ட்ட ரீசெட் பண்ற வசதி குடுத்துட்டாங்க.

மத்த கேமுக்கும் இது பொருந்தும், கொஞ்சம் மாத்திக்கணும். மெட்டல் கியர் சாலிட் 5, 2015-ல வந்தது, அதுல அலாரத்துக்குப் பதிலா ரேடியோ, தகவல் கருவிய ஒடச்சுட்டீங்கன்னா அந்த முகாம் மேலிடத்தக் கூப்புட முடியாது. அதுல இன்னொரு கூத்து, நீங்க எப்பவும் தலையிலயே சுட்டா எதிரிங்க ஹெல்மெட் மாட்டிக்கிட்டு வருவாங்க, எப்பவும் ராத்திரியில போனா இருட்டுல பாக்குற கண்ணாடியோட வருவாங்க. ஒரே பாணியில ஆடுறவன கேமே பழிவாங்கும். சைலென்சரும் சுடச்சுட தேஞ்சு போகும். மாட்டுனா ஒரு சில நொடி நேரம் மெதுவாகும், அந்த நேரத்துல பாத்தவன சாச்சுட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி. புதுசா ஆடுறவங்க அத ஆஃப் பண்ணாதீங்க, கெத்து காட்ட அப்புறம் நேரம் இருக்கு. கோஸ்ட் ரீகான் வைல்ட்லேண்ட்ஸ்ல ட்ரோன விட்டு டேக் பண்ணலாம், கூட இருக்குற ஆளுங்களோட ஒரே நேரத்துல சுடலாம், ஆனா யூனிடாட்னு அந்த கேம்ல இருக்குற ராணுவப் படை வந்துட்டா நின்னு ஜெயிக்கணும்னு நெனைக்காதீங்க, வந்துக்கிட்டே இருப்பாங்க, வண்டிய எடுத்துட்டு ஓடிடுங்க.

சரி, அந்த அவுட்போஸ்ட் என்னாச்சுன்னா, மறுநாள் தம்பிய உக்கார வச்சு அலாரத்த மட்டும் பதுங்கிப் போயி ஆஃப் பண்ணுடா, அதுக்கப்புறம் உன் இஷ்டம்னு சொன்னேன். பெட்டியில கை வைக்கிற வரைக்கும் பய மூச்சே விடல. ஆஃப் ஆனதும் பெரிய துப்பாக்கிய எடுத்தான் பாருங்க, மூணு நிமிஷம், ஒருத்தன் மிச்சமில்ல, ஒரு வண்டியும் வரல. சந்தோஷத்துல கூண்டையும் சும்மா சுட்டுத் தொறந்துட்டான். உள்ள புலி இருந்துச்சு, வெளிய அவன் மட்டும்தான் இருந்தான்.