கூரையில்லாத மொரிஸ் மைனர் காருக்குக் காசை எங்கிருந்து செலவிடத் தொடங்க வேண்டும்?

பழைய மொரிஸ் மைனர் கன்வர்டிபிள் ஒன்றை வாங்கிவிட்டு, வர்ணம் முதலா, ஹூட் என்ற மடிக்கும் துணிக்கூரை முதலா என்று கேட்டு ஹட்டனில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. இரண்டும் இல்லை, முதலில் ஜாக்கியை எடுங்கள் என்பேன்.

காரைச் சமதரையில் நிறுத்திக் கதவை மூடுங்கள். கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கி மறுபடி அளவெடுங்கள். அளவு மாறினாலோ கதவு இறுகினாலோ அடிப்பாகம் போய்விட்டது என்று அர்த்தம். மைனருக்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகர உடம்பேதான் எலும்பு. கூரையுள்ள காரில் கூரையும் பாரத்தைத் தாங்கும். இதில் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற தகரச் சட்டமும் தரையும்தான் எல்லாவற்றையும் தாங்குகின்றன. தொழிற்சாலையில் அதற்கென்றே கூடுதல் தகடுகள் வைத்துக் கட்டினார்கள். சலூன் எனப்படும் கூரையுள்ள காரை வெட்டிக் கன்வர்டிபிள் ஆக்கியதில் அவை இருக்காது. ஆகவே வாங்கும் முன்பே குனிந்து பாருங்கள்.

நான் இதை அறியாமல் 1959ஆம் ஆண்டுக் கார் ஒன்றுக்கு முதலில் வர்ணம் அடித்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் கதவடியில் கொப்புளம் கிளம்பியது. ஸ்குரூடிரைவரால் குத்தினேன், பிடிவரை உள்ளே போனது. பள்ளம் நிரப்பிய பட்டிப் பூச்சுக்குப் பின்னாலிருந்து தேயிலைத் தூள்போலக் கறள் கொட்டியது. அடித்த வர்ணத்தையெல்லாம் சுரண்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. அந்தக் காசை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது.

கையிலுள்ள 100 ரூபாயில் 50 ரூபாயை டிங்கரிங் என்ற தகர வேலைக்கு ஒதுக்குங்கள்: சில், தரையின் குறுக்குச் சட்டம், பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள். கறள் தகட்டின்மேல் புதுத் தகடு ஒட்ட விடாதீர்கள். பழையதை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்ய மறுக்கும் டிங்கரிங் பாஸிடம் காரைக் கொடுக்காதீர்கள். உடம்பு ஒருமுறை கோணிவிட்டால் கதவு பிறகு எந்நாளும் சரியாக மூடாது.

அடுத்த 20 பிரேக்குக்கும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மரை மூட்டான ட்ரனியனுக்கும். கிறீஸ் காணாத ட்ரனியனின் மரை தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். கினிகத்தேனை இறக்கத்தில் அது நடப்பதை நினைத்துப் பாருங்கள். 948 சிசி கார்களின் முன் பிரேக் டிரம் 7 அங்குலம். பின்னால் வந்த 1098 சிசி கார்களில் 8 அங்குலம். பெரியதை மாற்றிப் போடுவது மலைநாட்டில் நல்ல செலவு. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. தரையைத் திறக்கும்போதே அதையும் கழற்றிப் பார்த்துவிட்டால் ஒரு கூலி மிச்சம்.

ஹூட்டுக்கும் வயரிங்குக்கும் 15. மே மாதம் தொடங்கும் மழையை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹூட் துணி நனைந்திருக்கும்போது மடிக்காதீர்கள், மடிப்பில் பூஞ்சணம் பிடிக்கும்.

எஞ்சின் புகைக்காமல் மேடு ஏறினால் அதைத் தொட வேண்டாம். எஞ்சிய 15ஐத் தரை முழுவதும் திறந்து பார்க்கும்வரை எடுக்காதீர்கள். அங்கே எப்போதும் ஏதாவது காத்திருக்கும். வர்ணம் அதில் மிஞ்சுவதற்குத்தான். என் கார் செம்பழுப்பு பிரைமரோடு ஒரு வருடம் நுவரெலியா வரை போய்வந்தது, கதவு இரண்டும் ஒரே விரல் தள்ளலில் மூடின.