வார இறுதி வாள்வீச்சுப் பயிலரங்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பாவின் பழைய வாள்வீச்சுச் சுவடிகளைப் படித்து அந்தக் கலையை மீட்டெடுப்பவர்களின் துறைக்கு ஹீமா என்று பெயர். அவர்கள் நடத்தும் இரண்டு நாள் பயிலரங்குகளுக்குப் புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பயிற்சியைச் சண்டையாக நினைத்துவிடுகிறார்கள்.

ஜெர்மானிய நீள்வாள் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். பயிற்றுநர் ஓர் உத்தியைச் செய்து காட்டுவார். அப்புறம் ஜோடி ஜோடியாக நின்று, ஒருவர் வெட்ட, மற்றவர் பதில் செய்து பார்க்க வேண்டும். ட்ஸ்வெர்க்ஹாவ் என்ற குறுக்கு வெட்டில், பிடியைத் தலைக்கு முன்னால் உயர்த்தி, மேலிருந்து வரும் வெட்டைத் தடுத்தபடியே எதிராளியின் தலையைப் பக்கவாட்டில் அடிக்கிறோம். இது படிய வேண்டுமானால் மேலிருந்து வரும் வெட்டு நிஜமாகவே தலைக்கு வர வேண்டும். ஆனால் சிலர், பாவம் அடிபடக் கூடாதே என்று எட்டி நின்று காற்றை வெட்டுவார்கள். சிலர் அடுத்து வரப்போவது தெரிந்திருப்பதால் பாதியில் வாளைத் திருப்பி, “பார்த்தீங்களா, இது வேலை செய்யல” என்பார்கள். இந்த இரண்டாவது வகையோடு ஜோடி சேர்ந்தால் அந்த மணிநேரம் வீண். மெதுவாக வெட்டுங்கள், தப்பில்லை. தூரமும் குறியும் மட்டும் சரியாக இருக்கட்டும்.

ஒருவர் கொஞ்சம் வேகம் கூட்டினால் மற்றவரும் கூட்டுவார். கடைசியில் அடிபடுவது விரல்தான். பயிற்சி வாள் மழுங்கியது என்றாலும் ஏறக்குறைய ஒன்றரை கிலோ எஃகு. மெல்லிய கையுறை மெதுவான பயிற்சிக்குப் போதும், முழுவேகச் சண்டைக்குப் போதாது. வழக்கமான ஃபென்சிங் மாஸ்க் பின்னந்தலையை மூடாது. மேலே சொன்ன குறுக்கு வெட்டு சில நேரம் அங்கேதான் வந்து விழும். அதற்கான உறையும் தொண்டைக் காப்பும் வாங்கிவிட்டுப் போங்கள். புத்தம் புதிதாக அங்கே போய்ப் பிரிக்க வேண்டாம், முன்பே போட்டுப் பழகுங்கள். வாள் விளிம்பில் பிசிறு இருந்தால் அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் ஜாக்கெட் கிழியும். விமானத்தில் போவதானால் வாள் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்.

“எங்க கிளப்ல இப்படிச் செய்ய மாட்டோம்” என்று வாதம் செய்வது இன்னொரு வியாதி. 14ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வாள் ஆசான் லீக்டெனாவர் தன் உத்திகளைச் சொல்லும் பாடல்கள் வேண்டுமென்றே மறைபொருளாக எழுதப்பட்டவை. அவற்றுக்கு 15ஆம் நூற்றாண்டில் ரிங்கெக் போன்றவர்கள் உரை எழுதினார்கள். அந்த உரைகளையும் இன்றைய பயிற்றுநர்கள் ஆளுக்கொரு விதமாகப் படிக்கிறார்கள். இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரேவின் முறையில் பழகியவருக்கு இங்கே பலதும் விசித்திரமாகத் தெரியும். சரி, இரண்டு நாள்தானே, பயிற்றுநர் சொல்கிறபடி செய்து பாருங்கள். “இது எந்த உரையில் வருகிறது?” என்று கேளுங்கள், நல்ல பயிற்றுநருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

மாஸ்க்கைக் கழற்றியதும் களத்தை விட்டு ஓரமாகப் போய்விடுங்கள். பக்கத்து ஜோடிக்கு உங்களைக் கவனிக்க நேரமிருக்காது.

சனிக்கிழமை மாலை வகுப்புகள் முடிந்ததும் விருப்பமானவர்கள் மோதிப் பார்ப்பார்கள். அங்கே தெம்பு முழுவதையும் கொட்டிவிட்டு ஞாயிறு காலை தோளைத் தூக்க முடியாமல் நிற்பவர்கள் ஏராளம். ஓரிரண்டு ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, அன்று கற்றதை அன்றே எழுதி வையுங்கள். வீடியோ எடுப்பதானால் முதலில் பயிற்றுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.