நடக்காத கருத்தரங்குக்கு நூல் அறிவிக்காதீர்கள்: பிராந்திய ஆய்வு மையங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரி பிறந்துவிட்டால் பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கு அழைப்பிதழ்கள் குவியத் தொடங்கும். அது ஆய்வுக்கு உகந்த பருவம் என்பதால் அல்ல. மார்ச் 31க்குள் மானியத்தைச் செலவிட்டுக் கணக்கை முடித்தாக வேண்டும். தெற்காசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் ஆராயும் மையமொன்றில் வெளியீடுகளையும் ஆய்வுத் திட்டங்களையும் ஒருங்கிணைத்தே தலை நரைத்தவன் நான். இந்த ஆண்டும் வேறு மையங்களில் புதிதாகப் பொறுப்பேற்ற சிலர் அழைப்பிதழ் வரைவுகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. ஒரு காலத்தில் நாங்கள் ஆடிய அதே கூத்து, ஓர் எழுத்துக்கூட மாறாமல்.

மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவது, பேச்சாளருக்கு ரயில் டிக்கெட் எடுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் அவை புரிந்துவிடும். பட்ட பிறகும் அடுத்த ஆண்டு கூச்சமே இல்லாமல் திரும்பச் செய்யப்படுகிறவைதான் என் கவலை.

கருத்தரங்குக்கு முன்பே நூலை அறிவிப்பது

"வாசிக்கப்படும் கட்டுரைகள் அனைத்தும் ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் நூலாக வெளியிடப்படும்." அழைப்பிதழின் அடிப்பகுதியில், பதிவுக் கட்டணத்துக்கும் தங்கும் வசதிக்கும் நடுவில், இந்த ஒற்றை வரி உட்கார்ந்திருக்கும். எனக்கு வந்த வரைவுகளில் இது இல்லாத ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. கட்டணம் கிடையாது. சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் அதே பதின்மூன்று இலக்கங்கள்தான். புத்தகத்தை அடையாளம் காட்டும் எண் அது. உள்ளே இருப்பதன் தரத்துக்கு யாரும் கொடுத்த சான்று அல்ல. ஆனால் பணி உயர்வுக்கு வெளியீடுகளை எண்ணிக் காட்டும் வழக்கம் வந்த பிறகு, இந்த எண்ணுக்குப் பதக்கத்தின் மதிப்பு ஏறிவிட்டது. அதை அழைப்பிதழில் போட்டால் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கட்டுரையைப் பற்றி விவாதிக்க வருகிறவர் குறைவார். சான்றிதழையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு பிற்பகல் அமர்வுக்கு முன்பே பஸ் ஏறுகிறவர் கூடுவார்.

நல்ல ஆய்வாளர் இந்த வரியைப் படித்து நேர் எதிராக நடந்துகொள்வார். தன்னுடைய சிறந்த கட்டுரையைத் தரமான ஆய்விதழுக்கு எடுத்துவைத்துவிட்டு, பாதி வெந்த ஒன்றை உங்களிடம் கொடுப்பார். அல்லது ஏற்கெனவே ஓர் ஆய்விதழின் பரிசீலனையில் இருப்பதையே வாசிப்பார். அயல்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இது இன்னும் அதிகம். அவர்களுடைய பல்கலைக்கழகத்தில் கருத்தரங்குத் தொகுப்பில் வரும் கட்டுரைக்குப் பெரிய மதிப்பில்லை. மறுக்கக் கூசித் தலையாட்டுவார்கள். அதை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு மையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வங்காள விரிகுடாக் கடல் வணிகம் குறித்து ஒரு கருத்தரங்கு. அருமையான தலைப்பு, நல்ல கூட்டம். வந்ததில் தலைசிறந்தது நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தைப் பற்றிய கட்டுரை. சுமத்ராவை மையமாகக் கொண்டிருந்த ஸ்ரீவிஜய அரசின் மன்னர் கட்டுவித்த பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரை வழங்கியதை லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் பெரிய செப்பேட்டுத் தொகுதி பேசுகிறது அல்லவா, அந்தச் செப்பேட்டை வரிவரியாக வைத்து எழுதப்பட்ட கட்டுரை. பதிப்பாசிரியராக இருந்த இளம் உதவிப் பேராசிரியர் தம் முன்னுரையில் ஒரு முழுப் பக்கத்தை அதற்கு ஒதுக்கினார். மற்ற இரண்டு கட்டுரையாளர்கள் அதை மேற்கோள் காட்டித் தங்கள் வாதத்தைக் கட்டியிருந்தார்கள். சொல்லடைவும் தயாராகிவிட்டது.

பக்கங்கள் அமைத்து இறுதி மெய்ப்பு வந்த நேரத்தில் அந்தக் கட்டுரையாளரிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல்: கட்டுரை வேறோர் ஆய்விதழில் வெளியாகிவிட்டது, பதிப்புரிமை அவர்களிடம் இருக்கிறது, மன்னிக்கவும். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. மையம் அவரிடம் எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. பதிப்பாசிரியர் பதறிப்போய், பக்க எண்கள் கலையக் கூடாது என்று, ஏறக்குறைய அதே நீளமுள்ள வேறொரு கட்டுரையை அந்த இடத்தில் செருகிவிட்டார். அது சிங்கப்பூர் இந்திய உணவகங்களைப் பற்றியது. முன்னுரையையும் சொல்லடைவையும் தொட நேரமில்லை. நூல் வெளிவந்தது. சொல்லடைவில் 'ஆனைமங்கலம்' என்று பார்த்து அந்தப் பக்கத்தைத் திருப்பினால் மீன்தலைக் கறியின் வரலாறு வரும். மதிப்புரை எழுதியவர் இதை விட்டுவைப்பாரா? முதல் பத்தியே அதுதான்.

அந்த உணவகக் கட்டுரை மோசமானதல்ல. தனக்குரிய இடத்தில் வந்திருந்தால் நாலு பேர் படித்திருப்பார்கள். அதையும் சேர்த்துக் கெடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செலவு இதோடு நிற்கவில்லை. மானியம் கருத்தரங்குக்குத்தான் வந்திருந்தது. பயணம், உணவு, தங்குமிடம் என்ற செலவினத் தலைப்புகள் இருந்தன, அச்சுக்கு ஒன்றும் இல்லை. நூல் தயாரானபோது, மானியத்தைச் செலவிட்டதற்கான பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பப்பட்டு மீதித் தொகை திரும்பிப் போயிருந்தது. பதிப்பகமோ, கணிசமான பிரதிகளை மையமே வாங்கிக்கொண்டால்தான் அச்சிடுவோம் என்றது. துறையின் வேறு கணக்கிலிருந்து பணம் எடுத்தார்கள். தணிக்கையில் அதற்கொரு ஆட்சேபம் எழுந்து, பதில் எழுதி எழுதியே அந்த உதவிப் பேராசிரியருக்கு ஒரு பருவம் ஓடியது. வாங்கிய பிரதிகள் மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. விருந்தினர் வந்தால் நினைவுப் பரிசாக ஒன்று கொடுப்பார்கள்.

இதைத் தவிர்ப்பது கடினமல்ல. அழைப்பிதழில் நூலைப் பற்றி வாய் திறக்காதீர்கள். கருத்தரங்கு முடிந்த பிறகு, எந்தக் கட்டுரைகள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று பார்த்து, இருபதில் எட்டைத் தேர்ந்தெடுங்கள். எட்டு தேறவில்லையா, நூலே வேண்டாம். அந்தக் கருத்தரங்கு நன்றாக நடந்தது என்பதே போதும். தேர்ந்தவர்களிடம் ஒரு பக்க ஒப்புதல் படிவம் வாங்குங்கள்: வேறெங்கும் வெளியாகவில்லை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை, படங்களுக்கான அனுமதியைக் கட்டுரையாளரே பெற்றுவிட்டார், குறித்த நாளுக்குள் திருத்திய வடிவம் வராவிட்டால் நூல் அவரில்லாமல் போகும். இந்தக் கடைசி நிபந்தனையை எழுத எல்லோருக்கும் கை நடுங்கும். மூத்த பேராசிரியரிடம் எப்படிச் சொல்வது? படிவத்தில் இருந்தால் நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, படிவம் சொல்லும். முன்னுரையை எல்லாக் கட்டுரைகளும் கைக்கு வந்த பிறகு எழுதுங்கள். பக்க எண்கள் உறுதியான பிறகே சொல்லடைவில் கைவையுங்கள்.

அவசரமாக ஏதாவது வெளியிட்டே ஆக வேண்டுமென்றால் ஆய்வுத் தாள் வரிசை ஒன்று தொடங்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தென்கிழக்கு ஆசியத் திட்டம் 1950இல் தொடங்கியது. அதன் ஆரம்பகால ஆய்வுத் தாள்கள் தட்டச்சுப் பக்கங்களாகவே வெளிவந்த எளிய ஏடுகள். அவற்றை இன்றும் ஆய்வாளர்கள் தேடி எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள். பளபளக்கும் அட்டைக்காக அல்ல.

பெயர்களைக் கணினியிடம் ஒப்படைப்பது

துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருள்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு முன்னால் நகர்த்திவிடும். நம் பிராந்தியத்தில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சுகர்னோவுக்கு ஒரே பெயர். மகாதீர் பின் முகமதுவில் முகமது என்பது தந்தையின் பெயர். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் 'ஊ' மரியாதை அடைமொழி. அதை முதலெழுத்தாக்கி, புள்ளியும் வைத்து அனுப்பியவர்கள் உண்டு. தாய்லாந்து அறிஞர்களை முதற்பெயரால் வரிசைப்படுத்துவதே மரபு.

தமிழர்களாகிய நாமாவது சரியாகச் செய்கிறோமா? ஸ்ரீவிஜயம் குறித்து எழுதிய, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி ஒரே துணைநூற்பட்டியலில் 'நீலகண்ட' என்ற இடத்தில் ஒருமுறையும் 'சாஸ்திரி' என்ற இடத்தில் ஒருமுறையும் வருவதைப் பார்த்திருக்கிறேன். படிக்கும் மாணவர் இருவர் என்றே நினைத்துக்கொள்வார். மையத்துக்கென்று பெயர் மரபுத் தாள் ஒன்று வைத்திருங்கள். இரண்டு பக்கம் போதும். நாடுவாரியாக, எடுத்துக்காட்டுடன் இருக்க வேண்டும். ஐயம் வந்தால் கட்டுரையாளரையே கேட்டுவிடலாம். தன் பெயரைப் பற்றிக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆய்விதழின் பெயரை மாற்றுவது

புதிய இயக்குநர் வருவார். 'இந்தியப் பெருங்கடல்' பழைய பாணியாகத் தெரியும். 'இந்தோ-பசிபிக்' என்று மாற்றச் சொல்வார். கடலுக்கு ஒன்றும் ஆகாது. இதழுக்கு ஆகும். பெயர் கணிசமாக மாறினால், இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். புதிதாக வாங்க வேண்டும். அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எண்கள் என்பதால் இரண்டும் மாறும். நூலகப் பட்டியலில் பழைய இதழ் நின்றுபோனதாகப் பதிவாகும். சந்தா புதுப்பிப்பவர் புதிய பெயரைப் பார்த்துவிட்டு இது நாம் வாங்கும் இதழ் இல்லை என்று விட்டுவிடுவார்.

மாற்றியே தீர வேண்டிய காலமும் வரும். அமெரிக்காவில் 1941இல் தொடங்கிய 'ஃபார் ஈஸ்டர்ன் குவார்ட்டர்லி' 1956இல் 'ஜர்னல் ஆஃப் ஏசியன் ஸ்டடீஸ்' ஆனது. புதுப் பெயர் வந்ததற்காகத் தொகுதி ஒன்று என்று மறுபடி எண்ணத் தொடங்கவில்லை. பதினைந்தாம் தொகுதிக்குப் பிறகு பதினாறு என்றே தொடர்ந்தார்கள். மாற்றுகிறவர்கள் குறைந்தபட்சம் இதையாவது பின்பற்றுங்கள்.

அங்கீகாரப் பட்டியலுக்காகவே இதழ் நடத்துவது

பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த ஆய்விதழ்களைக் கொண்டு 2019இல் வந்த யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. அதில் இடம்பிடிக்க மட்டுமே தொடங்கப்பட்ட இதழ்கள் இப்போது எதற்காக வெளிவருகின்றன என்று அவற்றின் ஆசிரியர்களைக் கேளுங்கள்.

கைக்குக் கிடைத்த வரைபடத்தைப் போடுவது

இணையத்தில் எடுத்த தெற்காசிய வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், காஷ்மீர் எல்லை வேறு மாதிரி இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு ஒவ்வாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால், 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அயல்நாட்டுக் கட்டுரையாளருக்கு இது தெரிந்திருக்காது. வெளியிடுகிறவர் நீங்கள். பல நேரங்களில் கட்டுரைக்குத் தேவைப்படுவது மூன்று துறைமுகங்களைக் காட்டும் கோட்டோவியம்தான். அதை வரைந்து வாங்குங்கள்.

"சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள்"

சொல்லவே சொல்லாதீர்கள். கருத்தரங்கு விசாவுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் வேண்டும். கோப்பு நகர மாதங்கள் ஆகும். பேச்சாளரை முடிவுசெய்யும் அன்றே தொடங்குங்கள்.

ஆய்வுத் திட்டத்தில் வெளியீட்டை மறப்பது

திட்ட முன்மொழிவில் களப்பணிக்கும் ஆய்வு உதவியாளருக்கும் கணினிக்கும் கணக்குப் போடுகிறோம். மொழிச் செம்மையாக்கம், சொல்லடைவு, அச்சு ஆகியவற்றுக்கு ஒரு ரூபாய்கூட இருக்காது. முன்மொழிவு எழுதுகிறவரும் வெளியீட்டைப் பார்த்துக்கொள்கிறவரும் ஒரே தாழ்வாரத்தில் எதிரெதிர் அறையில் இருப்பார்கள். நிதி அலுவலரின் அறையில்தான் சந்தித்துக்கொள்வார்கள், அதுவும் மார்ச்சில். முன்மொழிவு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போகும் முன் வெளியீட்டு ஒருங்கிணைப்பாளர் அதில் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். எங்கள் மையத்தில் அந்த விதி வந்த பிறகு எனக்கு எதிரிகள் பெருகினார்கள், படிக்கட்டுக்குக் கீழே அலமாரி தேவைப்படவில்லை.

நூலகப் பிரதிகளை அனுப்பாமல் விடுவது

பொது நூலகங்களுக்கு நூல் வழங்குவது குறித்த 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூல் வெளியான முப்பது நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி போக வேண்டும். வெளியிடுவது மையமே என்றால் அஞ்சல் செலவும் மையத்துடையதுதான். வெளியீட்டு விழாவுக்கு முன்பே நான்கு உறைகளிலும் முகவரி எழுதி வைத்துவிடுங்கள். விழா முடிந்த மறுநாள் பிரதிகளும் மிஞ்சாது, ஆட்களும் இருக்க மாட்டார்கள்.