உருகிய ஜிங்க்கில் ஓடும் புஷ் சீக்கிரம் தேயாமல் இருக்க

"அண்ணே, ஸ்டெல்லைட்டே போட்டோம், அப்பவும் தேஞ்சுருச்சுண்ணே" என்று கப்பலூரில் இருக்கிற எங்கள் லேத் பட்டறைக்கு, ஷாஃப்ட்டைச் சுற்றவிட்டுத் தாங்குகிற வளையமான புஷ்ஷைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோபால்ட் கலந்த கடின உலோகமான ஸ்டெல்லைட்டைவிடக் கடினமானது எது என்பதுதான் அவர்கள் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது, எந்தப் பக்கம் தேய்ந்தது என்று.

கம்பிக்கோ தகட்டுக்கோ துத்தநாக (ஜிங்க்) முலாம் பூசும் தொட்டியில் ஓர் உருளை முங்கிக் கிடக்கும். கம்பி மேலிருந்து சாய்வாக இறங்கி, உருளையின் அடியைச் சுற்றி, நேராக மேலே போகும். சூடு 450, 460 டிகிரி. குண்டு பேரிங், கிரீஸ் எதற்கும் அங்கே வேலையில்லை. ஷாஃப்ட் நுனியில் உறைபோல மாட்டிய ஸ்லீவ், அதைப் பிடிக்கப் புஷ், இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஜிங்க்தான் எண்ணெய்.

உருளையின் எடை கீழே அழுத்தும் என்று நினைத்து, நல்ல புஷ்ஷைக் கீழ்ப்பாதியில் வைக்கிறார்கள். எஃகின் அடர்த்தி 7.9, உருகிய ஜிங்க்கின் அடர்த்தி 6.6. வெளியே 100 கிலோ இருக்கிற உருளை உள்ளே போனால் 17 கிலோகூடத் தேறாது. ஓடும்போது கம்பியின் இழுவை அதை எளிதாக மேலே தூக்கிவிடும். ஆகவே தேய்வது மேல்பாதி, அதிலும் கம்பி உள்ளே இறங்கும் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து. கழற்றுவதற்கு முன்னால் புஷ்ஷின் உச்சியில் ஒரு பஞ்ச் குறி அடித்துவிடுங்கள். முழு வட்டப் புஷ் என்றால், அடுத்த முறை தேயாத பக்கத்தை அங்கே திருப்பி மாட்டலாம். செலவில்லாமல் இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

அடுத்தது இடைவெளி. பெரும்பாலான புஷ் கெடுவது இங்கேதான் என்பது என் கருத்து. 100 மில்லி விட்டமுள்ள 316 ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, ஏறக்குறைய 17 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) விரியும். பட்டறைச் சூடு 30, தொட்டி 460, வித்தியாசம் 430. கணக்குப் போட்டால் 0.73 மில்லி பெருக்கும். (மதுரையில் மே மாத மத்தியானம் 40 ஆகிவிடுமே என்று சின்னப் பையன்கள் கேட்பார்கள். அந்தப் பத்து டிகிரி 0.02 மில்லிக்குள் முடிந்துவிடும், விடுங்கள்.) புஷ் சிலிக்கான் நைட்ரைடு பீங்கான் என்றால் அதன் விரிவு 3 மைக்ரான்தான். அது 0.13 மில்லி மட்டும் பெருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.6. சூட்டில் 1 மில்லி இடைவெளி வேண்டுமானால், லேத்தில் 1.6 விட்டுக் கடைய வேண்டும். குளிரில் கச்சிதமாக உட்கார்ந்தால் அழகாகத்தான் இருக்கும்; தொட்டிக்குள் போனதும் இறுகி, பீங்கான் வெடித்துவிடும்.

வெளிப்பக்கம் இதற்கு நேர்மாறு. பீங்கான் புஷ்ஷை, அது உட்காருகிற எஃகுக் கூடான ஹவுசிங்கில் அடித்து இறுக்கினால், சூட்டில் ஹவுசிங் அதிகம் பெருத்துப் பிடி விட்டுப்போகும், புஷ் சுற்ற ஆரம்பிக்கும். ஆப்பு வைத்தோ, காடி வெட்டித் துண்டுகளாகச் செருகியோதான் பிடிக்க வேண்டும்.

சரி, அப்புறம் டிராஸ், அதாவது ஜிங்க்கில் உண்டாகிற இரும்புக் கசடு. தொட்டியிலும் கம்பியிலும் இருந்து இரும்பு கரைந்துகொண்டே இருக்கும். சூடு ஏறினால் அதிகம் கரையும், இறங்கினால் கரைந்தது துகளாக வெளியே வரும். அந்தத் துகள் புஷ்ஷுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே போய் உட்கார்ந்து அரைக்கும். அலுமினியம் 0.2 சதவீதம் அளவில் சேர்க்கிற தொட்டியில் இது மேலே மிதக்கும். குறைவாக இருந்தால் அடியில் படியும். ஆக, சூட்டை ஏற்றி இறக்கி விளையாடாதீர்கள். 480-ஐத் தாண்டினால் இரும்பு கரையும் வேகமே வேறு. ஜிங்க் கட்டிகளை உருளைக்குத் தள்ளிப் போடுங்கள். பக்கத்தில் போட்டால் அந்த இடம் குளிர்ந்து டிராஸ் அங்கேயே பிறக்கும். லைன் ஓடும்போது அடி டிராஸைக் கிளறக் கூடாது. புஷ்ஷின் உள்பக்கம், சுமை விழாத பாதியில், நீளவாக்கில் இரண்டு மூன்று காடி வெட்டி விளிம்பை மழுக்கிவிட்டால், உள்ளே போன துகள் வெளியேற வழி கிடைக்கும்.

உலோகத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டெல்லைட் 6 நல்லதுதான். டங்ஸ்டன் கார்பைட் கோட்டிங்கும் நல்லதுதான், துளையில்லாமல் அடித்திருந்தால். மைல்டு ஸ்டீல் மட்டும் வேண்டாம், கரைந்துபோகும். அலுமினியம் உருக்கும் தொட்டிக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துப்போகாதீர்கள். அங்கே சூடு 700-க்கு மேல், எஃகே தாங்காது. கிராஃபைட், சிலிக்கான் கார்பைட் என்று அது தனிக் கதை.

உருளையைத் தொட்டிக்குள் இறக்கும்போது அவசரம் கூடவே கூடாது. உருளை பைப்பில் செய்ததாக இருந்தால் காற்றுத் துளை இருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் சிக்கியிருந்தாலும் தொட்டியே வெடித்துச் சிதறும், ஆள் மிஞ்ச மாட்டான். முழு செட்டையும் நன்றாகச் சூடாக்கி, ஈரம் போன பிறகு மெதுவாக இறக்குங்கள். புஷ்ஷுக்குள் இருக்கிற ஜிங்க் முழுக்க உருகும்வரை சுற்றாதீர்கள். வெளியே எடுக்கும்போது, ஜிங்க் இறுகுவதற்குள் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே வடியவிடுங்கள், நீளமான கைப்பிடி போட்டு. பீங்கான் மேல் மின்விசிறியைத் திருப்பாதீர்கள். ஆறியதும் மேல், கீழ், இரு பக்கம் என நான்கு இடத்தில் அளந்து, தேதியோடு எழுதிவைத்து, அந்தத் தாளோடு புஷ்ஷைக் கொண்டுவாருங்கள்.