ஈர மணலில் மோதிரம் தேட எந்தக் கருவி?

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் விடிகிற நேரத்தில் மெட்டல் டிடெக்டர் கருவியோடு நடந்தால் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்பார்: “அக்கா, இது தங்கத்தைக் காட்டுமா?” காட்டும். ஆனால் தங்கத்தை மட்டும் பிரித்துக் காட்டும் மெட்டல் டிடெக்டர் எதுவும் கிடையாது. இரண்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டு, நூறு மீட்டர் தள்ளிப் புதைந்த தங்கத்தின் பக்கம் தானாகத் திரும்பும் என்று இணையத்தில் ஒன்றை விற்கிறார்கள். அது வேலை செய்யாது. அதில் ஒரு ரிங்கிட்கூடப் போடாதீர்கள்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தவள். அப்படியும் முதல் கருவியைத் தப்பாகத்தான் வாங்கினேன். தஞ்சோங் பூங்கா கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது அண்ணியின் கல்யாண மோதிரம் நழுவிவிட்டது. அவர் அழுததைப் பார்த்து மறுநாளே ஒரு கடைக்குப் போய், பெட்டியில் ‘கோல்டு’ என்று போட்டிருந்ததை வாங்கி வந்தேன். காய்ந்த மணலில் ஒழுங்காக ஓடியது. அலை நனைத்த இடத்தில் வைத்ததும் ஓயாமல் கத்தியது. சென்சிடிவிட்டியைக் குறைத்தேன். கத்தல் நின்றது, அப்புறம் மணலில் கழற்றி வைத்த என் வளையலைக்கூட அது கண்டுகொள்ளவில்லை. மோதிரம் இன்றுவரை கிடைக்கவில்லை.

காரணம் உப்புத் தண்ணீர். கருவியின் அடியில் வட்டமாக இருக்கும் கம்பிச் சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மணலுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதன் எதிரொலிதான் நம் காதில் சத்தமாக விழுகிறது. உப்புநீரும் மின்சாரம் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவிக்கு ஈரக் கரை முழுவதுமே உலோகம் மாதிரி தெரியும். அதிர்வெண் கூடக் கூடத் தொல்லையும் கூடும். ‘கோல்டு’ கருவிகள் பல, மண்ணில் கிடக்கும் பொடித் தங்கத்துக்காகச் செய்தவை. 45 கிலோஹெர்ட்ஸில் ஓடுபவையும் அவற்றில் உண்டு. தங்கச் சுரங்கத்துக்குப் பேர்போன பகாங் ரவூப் மாதிரி இடத்துக்கு அது சரி. பினாங்குக் கரைக்கு ஆகாது.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது: ஒரே நேரத்தில் பல அதிர்வெண்ணில் ஓடுமா? “மல்டி ஃபிரீக்வென்சிதான்” என்று சொல்லி, ஒன்றை மாற்றி ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் வகையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது வேறு. மைன்லேப் வான்குவிஷ், ஈக்வினாக்ஸ், துருக்கியின் நோக்டா லெஜண்ட், காரெட் ஏஸ் ஏபெக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் பலவற்றில் ஓடுபவை. தண்ணீர் புகாத கருவி உப்பையும் சமாளிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நோக்டா சிம்ப்ளெக்ஸை நீருக்குள் முக்கலாம், ஆனால் ஓடுவது ஒரே அதிர்வெண்ணில்தான். வான்குவிஷ் நேர்மாறு: ஈர மணலில் நன்றாக ஓடும், சுருளும் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. முழங்காலுக்கு மேல் இறங்கித் தேடுவதாக இருந்தால் ஈக்வினாக்ஸ் 700 அல்லது 900 பாருங்கள், 5 மீட்டர் ஆழம் தாங்கும். பல்ஸ் இண்டக்‌ஷன் என்று இன்னொரு வகை உண்டு. உப்பைச் சட்டை செய்யாது, ஆழமும் போகும். ஆணியா மோதிரமா என்று மட்டும் சொல்லாது. முதல் கருவியாக வேண்டாம்.

அடுத்தது, எந்த உலோகமாக இருக்கலாம் என்று திரையில் வரும் எண். தங்க மோதிரம் விழும் எண்களிலேயே அலுமினியத் தாளும், பான டின்னைத் திறக்கும் வளையமும் விழும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களுக்குச் சத்தம் வராதபடி அடைத்தால் மோதிரமும் போய்விடும். நான் எதையும் அடைப்பதில்லை, இரும்பைத் தவிர. இன்னொன்று, வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் எண்களை நம்பி இருக்காதீர்கள். அங்கே 10, 14 காரட் மோதிரங்கள் அதிகம். நம் நகை 916, அதாவது 22 காரட். அளவும் கனமும் ஒன்றாக இருந்தாலும் நம்முடையது உயர்ந்த எண்ணில் விழும், ஏனென்றால் தூய்மை கூடினால் மின்சாரம் நன்றாகக் கடத்தும்.

வடிவம் அதைவிட முக்கியம். முழு வளையம் தெளிவாக ஒலிக்கும். வாய் திறந்த மெட்டி, வெள்ளியாக இருந்தும் தாழ்ந்த எண்ணைக் காட்டும். மின்னோட்டம் சுற்றிவர அதில் வழியில்லை. மாசி மகத்துக்கு மறுநாள் தெலுக் பாஹாங்கில் நான் எடுத்த இரண்டு மெட்டியும் திரையில் காட்டியது அலுமினியத் தாளின் எண்தான். மெல்லிய சங்கிலி இன்னும் கஷ்டம். கருவி அதைத் தனித்தனிக் கண்ணியாகத்தான் பார்க்கும். கொக்கியோ பதக்கமோ இருந்தால்தான் சத்தம் வரும். தாலி கோத்த கொடிக்கு வாய்ப்பு உண்டு. மூக்குத்தி என்றால் சுருள் மிக நெருங்க வேண்டும், அதற்கு ஆறு அங்குலச் சுருள் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம். மற்றபடி கூடவே வரும் பத்து, பதினோரு அங்குலமே போதும்.

நாணயம் சுலபம். ஒரு விஷயம் மட்டும்: 2012-ல் வந்த புதிய 5, 10 காசுகள் துருப்பிடிக்காத எஃகு, அதற்கு முந்தைய செம்பரத்தை வரிசை செப்பு நிக்கல். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது. சதுரமான பழைய ஒரு காசு மாதிரி ஏதாவது வந்தால் மேலும் தோண்டாமல் நிறுத்துங்கள். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் பழம்பொருளுக்கும் புதையலுக்கும் பொருந்தும், மாவட்ட அதிகாரியிடம் சொல்ல வேண்டும். ஜார்ஜ்டவுன் பாரம்பரியப் பகுதிக்குள் கருவியை எடுத்துப் போகவே வேண்டாம். புதிய நகை கிடைத்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். யாரோ ஒரு அண்ணி தேடிக்கொண்டிருப்பார்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கடற்கரையில் ஓட்டிப் பாருங்கள். கடைக்குள் சோதனை செல்லாது, தரைக்குள் இரும்புக் கம்பி, தலைக்கு மேல் விளக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும், அந்த நேரத்துக்குப் போங்கள். உங்கள் மோதிரம், ஒரு மெட்டி, பழைய 10 காசு, புதிய 10 காசு, ஒரு டின் வளையம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஈர மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, சுருளை மணலை ஒட்டி மெதுவாக வீசி, வரும் எண்ணையும் சத்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மோதிரத்தில் மட்டும் நீளமான சிவப்பு நைலான் கயிறு கட்டி, மறுமுனையை மணலுக்கு வெளியே விட்டுப் புதையுங்கள்.