பழைய பயணக் கடிதங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1717 ஜனவரியில் ஆங்கில எழுத்தாளர் மேரி வோர்ட்லி மாண்டேகு வியன்னாவிலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) புறப்பட்டார். கணவர் உதுமானிய அரசுக்கான பிரிட்டிஷ் தூதர். மூன்று வயது மகனும் உடன் இருந்தான். ஹங்கேரிப் பனியில் சக்கரம் ஓடாது என்பதால் வண்டிகளைச் சறுக்குக் கட்டைகளில் பொருத்தி இழுத்துப் போனார்கள். தங்கைக்கும் நண்பர்களுக்கும் அவர் எழுதிய கடிதங்கள் அருமையானவை. ஆனால் அவற்றைத் தவறாகப் படிப்பது சுலபம்.

ஒரு கடிதத்தின் தொனியை வைத்து முழுப் பயணத்தையும் எடைபோடுவதுதான் பெரிய தவறு. கிளம்புவதற்கு முந்தின நாள் தங்கைக்கு எழுதியதில் குளிரை நினைத்த கலக்கம் தெரிகிறது. வழியில் டான்யூப் கரையிலுள்ள கோட்டை ஊரான பீட்டர்வாரடைன் போய்ச் சேர்ந்ததும், ஊரார் பயமுறுத்தியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது என்கிறார். சரி, பயணம் லேசானதுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காரணத்தை அவரே சொல்கிறார்: போதுமான ரோம உடைகள் இருந்தன, முன்கூட்டியே ஆள் அனுப்பித் தங்க இடம் பார்த்தார்கள். இது தூதர் குடும்பத்துக்கு வாய்த்த வசதி. அதோடு, தங்கையின் கவலையைத் தீர்ப்பதுதான் அந்தக் கடிதத்தின் முதல் வேலை. பீட்டர்வாரடைனைத் தாண்டிப் போனதும், 1716 ஆகஸ்டில் ஆஸ்திரியப் படை உதுமானியரைத் தோற்கடித்த போர்க்களம் வருகிறது. புதைக்கப்படாத மனிதர்கள், குதிரைகள், ஒட்டகங்களின் எலும்புகளையும் உடல்களையும் கண்டு நடுங்கியதை பெல்கிரேடிலிருந்து கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு எழுதுகிறார். அங்கே சிரிப்பே இல்லை.

அப்புறம் தேதி. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது. வியன்னாவில் இருந்த புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு அது அப்போது 11 நாள் பின்தங்கியிருந்தது. அவரது ஜனவரி 30, வியன்னாவில் பிப்ரவரி 10. இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது என்பதால், அந்த ஜனவரி அவர்களுக்கு இன்னும் 1716. இதைக் கவனிக்காமல் போர்ச் செய்திகளோடு ஒப்பிட்டால் குழப்பம்தான்.

கடிதம் சின்னதாக இருந்தால் பாசம் குறைவு என்று எண்ணுவதும் தவறு. 1840-க்கு முன் பிரிட்டனில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கொடுத்தார், அதுவும் தாள் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்ப. பெறுபவரின் செலவை நினைத்தும் சுருக்கமாக எழுதியிருக்கலாம்.

கடைசியாக, அச்சில் இருப்பதெல்லாம் அன்றே தபாலில் போனது என நம்பாதீர்கள். மேரி தன் கடிதங்களையும் குறிப்புகளையும் பிறகு திருத்தித் தொகுத்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1763-ல், அது நூலானது. அவரது நாட்குறிப்பை மகள் எரித்துவிட்டார். அதனால் மேற்கோள் காட்டும்போது 'அன்று எழுதினார்' என்பதைவிட 'தொகுப்பில் சொல்கிறார்' என்று எழுதுவதே சரியாக இருக்கும்.